தாமதத்திற்குக் காரணம்: காய்ச்சல்

மூன்றாம் மாடி சீனியருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது உண்மைதானாம், ஆனால் அது அவள் புத்தகத்துக்குக் கிடைக்கவில்லையாம். வேறு யாரோ எழுதியதற்குக் கிடைத்ததாம். இப்படி ஒரு வதந்தி பல்கலைக்கழகத்து உணவகத்தில் கிளம்பி, நூலகப் படிக்கட்டில் இளைப்பாறி, வாசல் ஜெராக்ஸ் கடைக்குள் போய் இரண்டு பிரதியாக வெளியே வந்தது. முதல் பிரதியில் அவள் திருடி. இரண்டாம் பிரதியில் அவள் அப்பாவி. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

நமக்கு வேறு வேலை இல்லாததால் சரிபார்த்துவிடலாம் என்று புறப்பட்டதில், வதந்தி முக்கால்வாசி உண்மை என்று தெரியவந்தது. மீதிக் கால்வாசியைச் சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சீனியர் என்பது அவளுக்கு ஐந்தாம் ஆண்டில் ஒட்டிய பெயர். ஒன்பதாம் ஆண்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு இவள்தான் ஒரு காலத்தில் நூலக அட்டை எடுக்கக் கற்றுக்கொடுத்தவள். வரலாற்றுத் துறையின் மூன்றாம் மாடியில், ஜன்னலை ஒட்டி அவள் மேஜை. ஜன்னல் பாதிதான் திறக்கும். நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. வருகிறவர்கள் எல்லாம் அந்த நாற்காலி ஆடுகிறதா என்று ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் ஆராய்ச்சி, எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நூற்பாலையின் விடுப்புக் கடிதங்கள். ஆலை மூடப்பட்டபோது ஒரு தகரப் பெட்டியில் தொள்ளாயிரத்துப் பதினான்கு கடிதங்கள் தப்பித்திருந்தன. காய்ச்சல், பேதி, மாமியார் சாவு, சுவர் இடிந்துவிட்டது, மறுபடி காய்ச்சல். ஒரு தொழிலாளிக்கு நான்கு வருஷத்தில் மாமியார் மூன்று முறை செத்திருக்கிறாள். மூன்று முறையும் மேலாளர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொடங்கிய புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாலாம் ஆண்டுக்கு மேல் சொல்லும்போது எதிரில் இருப்பவர் மட்டும் சிரித்தார்.

அவள் இருந்தது அக்கா வீட்டில், அக்கா மகளின் அறையில் பாதி. அக்கா மகள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த அதே மாதம் இவளும் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். இப்போது அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு.

"சித்தி, நானாவது வருஷா வருஷம் கிளாஸ் மாறினேன்," என்பாள் அவள், தலை பின்னிக்கொண்டே. "நீ ஒரே கிளாஸ்ல ஒன்பது வருஷம் உக்காந்திருக்க. எங்க ஸ்கூலா இருந்தா டீசி குடுத்திருப்பாங்க."

"எங்க ஸ்கூல்லயும் குடுப்பாங்க. ஃபார்ம் வரலை," என்பாள் சீனியர்.

அக்கா முதல் மூன்று வருஷம் "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அடுத்த மூன்று வருஷம் "எப்படிப் போகுது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நாள்பட்ட நோயாளி இருக்கிற வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கட்டத்தில் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்களே, அந்த மாதிரி. அக்கா வீட்டுக்காரர் மட்டும் விருந்தாளிகளிடம் இவளை "படிச்சிக்கிட்டிருக்கா" என்றே அறிமுகம் செய்தார். முப்பத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்து விருந்தாளி ஒரு கணம் திகைப்பார். பிறகு, ஏதோ பரீட்சையில் தவறியவள் போல என்று முடிவுகட்டி, கூடுதல் அன்போடு பேசுவார்.

ஆய்வேடு ஐந்தாம் ஆண்டிலேயே கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஏழு அத்தியாயம் தயார். முடிவுரை ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் குழு வந்தது.

கலைப்புலங்களில் முனைவர் பட்டப் படிப்பின் எதிர்காலத்தை மறுபரிசீலனை செய்யும் உயர்மட்டக் குழு என்பது அதன் முழுப்பெயர். ஒரே மூச்சில் சொல்ல யாராலும் முடியாததால் 'எதிர்காலம்' என்று சுருங்கியது. "எதிர்காலம் நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். "நாளைக்கு எதிர்காலம் இல்லைங்க, தலைவர் ஊர்ல இல்ல," என்று பதில் வரும். இலக்கியம், வரலாறு, தத்துவம் படிப்பவர்களுக்குப் பட்டம் வாங்க ஏன் இத்தனை வருஷம் ஆகிறது, வாங்கியபின் அவர்கள் எங்கே போகிறார்கள், போகிற வேலைக்கும் எழுதிய ஆய்வேட்டுக்கும் என்ன ஒட்டு, இந்தப் படிப்பை எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்து மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும். ஏழு பேராசிரியர்கள் உறுப்பினர்கள். சீனியரின் நெறியாளரும் அதில் ஒருவர்.

"குறிப்பெடுக்க ஒரு ஆள் வேணுமாம்மா," என்றார் அவர். "நீ வேகமா டைப் அடிப்ப. உன்னோடதும் முடிஞ்ச மாதிரிதானே. மூணே மாசம்."

முதல் கூட்டத்தில் தத்துவப் பேராசிரியர், எதிர்காலம் என்றால் எதைச் சொல்கிறோம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஐந்து கூட்டம் ஆயிற்று. பிறகு, இதற்கு முன் இப்படிப்பட்ட குழுக்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்காமல் எழுதுவது முறையல்ல என்று ஒருவர் சொல்ல, அதற்கு ஒரு வருஷம். முனைவர் பட்டத்தின் வரலாற்றுப் பின்னணி இல்லாமல் நிகழ்காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று சீனியரின் நெறியாளர் சொல்ல, அதற்கு ஓர் அத்தியாயம், எழுபது பக்கம். மூன்று மாதம் முடிந்ததும் குழு கால நீட்டிப்புக் கேட்டது. பிறகு மறுபடி கேட்டது. ஆய்வேடு எழுதிப் பழகியவர்கள் கடைக்குப் போகிற சீட்டு எழுதினாலும் அடிக்குறிப்பு போடுவார்கள். படிப்பு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கண்டுபிடிக்க வந்த குழு நான்கு வருஷம் ஓடிற்று. இதை யாரும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர், "வேலை ஆழமாப் போயிட்டிருக்கு," என்றார்.

அந்த ஆழத்தில் முழுக்க இறங்கியது சீனியர் மட்டும்தான். குறிப்பெடுக்க வந்தவள் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் அத்தியாயம், பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே என்பது. கடந்த பத்து வருஷத்தில் பட்டம் பெற்ற அறுபத்திரண்டு பேரையும் தொலைபேசியில் பிடித்தாள். நிரந்தர வேலையில் இரண்டு பேர். தற்காலிக வேலையில் இருபத்தேழு பேர். பத்தொன்பது பேர் ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் வேறு தொழிலில். அவர்களில், வரலாற்றில் பட்டம் வாங்கிய ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார்.

"படிச்சது ஏதாவது பயன்படுதா சார்?" என்று கேட்டாள், படிவத்தில் இருந்தபடி.

"பயன்படாமலா? முன்னாடி போறதுக்கு முன்னாடி பின்னாடி பாருன்னு தினம் நாப்பது பேருக்குச் சொல்றேன். நீங்க இன்னும் முடிக்கலையா?"

"முடிவுரை மட்டும்தான் சார்."

"நல்லா ஓட்டுறவங்களுக்கும் பார்க் பண்றதுதான் வராது," என்றார் அவர். அதையும் பதிவு செய்தாள்.

நெறியாளரிடம் தன் முடிவுரையைப் பற்றிப் பேசப் போன ஒவ்வொரு முறையும், "அதை முடிச்சிட்டு இதைப் பாக்கலாம்மா," என்பார். அது என்பது அறிக்கை, இது என்பது அவள்.

ஒன்பதாம் ஆண்டின் கடைசி மாதத்தில் ஆய்வுப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு உரிய எல்லா நீட்டிப்பும் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் ஆய்வேடு வரவில்லை என்றால் பதிவு ரத்து. ஒன்பது வருஷமும் கணக்கில் வராது. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து, நாற்காலிக் காலுக்கு அடியில் இருந்த அட்டை நைந்துபோயிருந்ததால் அதற்கு மேல் வைத்தாள். நாற்காலி நன்றாக நின்றது.

அறிக்கையைத் துணைவேந்தர் முன் வைக்க வேண்டிய நாளும் அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, என்று தீர்மானமாயிற்று. அதனால் மிச்சமிருந்த பதினொரு நாளில் அவள் இரண்டு முடிவுரை எழுதினாள். காலையில் அறிக்கையுடையது, சாப்பாட்டுக்குப் பிறகு தன்னுடையது. பாத்திரம் கழுவுகிற மாதிரி, ஒன்று முடிந்ததும் அடுத்தது. அறிக்கையின் முடிவுரையில் குழுவின் பரிந்துரைகள் வந்தன. நான்காம் பரிந்துரை: ஆறு ஆண்டுக்கு மேல் எவரையும் ஆய்வு மாணவராக வைத்திருக்கக் கூடாது, இதற்கு விதிவிலக்கு இல்லை. அதைத் தட்டச்சு செய்தபோது ஒரு இடத்தில் கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டாள். ஏழாம் பரிந்துரை: ஆய்வேட்டுக்குப் பதிலாக, பொதுமக்களுக்குப் பயன்படும் அறிக்கை, கண்காட்சி, ஆவணத் தொகுப்பு எதையும் ஏற்கலாம்.

"அப்படின்னா சீனியர் இந்த அறிக்கையையே குடுத்துடலாமே," என்று தத்துவப் பேராசிரியர் கடைசிக் கூட்டத்தில் சிரித்தார். சிரிப்பு மேஜையைச் சுற்றி ஒரு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. தலைவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். அதில் ஏழு பெயர்கள் இருந்தன. நன்றியுரையின் கடைசி வரியில், தட்டச்சு உதவிக்கு நன்றி என்று, பெயரில்லாமல் ஒரு நன்றி இருந்தது.

"ஏழு அடுத்த வருஷத்துலேர்ந்துதான் அமலுக்கு வருது," என்றார் தலைவர். "நாலுதான் உடனே."

இன்னொரு விஷயமும் அன்று அவர் சொன்னார். அறிக்கைக்கு ஒரு கௌரவம் வேண்டும், அதனால் ஆய்வேட்டின் வடிவத்திலேயே இருக்கட்டும். அதே எழுத்தளவு, அதே ஓரம், அதே எட்டு அத்தியாயம்.

புதன்கிழமையே இரண்டின் முதல் ஏழு அத்தியாயங்களும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டன. வியாழன் பிற்பகல் இரண்டு முடிவுரைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் போட்டு, கடைக்காரரிடம் கொடுத்தாள். இரண்டின் தலைப்பிலும் அத்தியாயம் எட்டு, முடிவுரை என்று இருந்தது.

"இது ஆய்வேட்டுக்கு, இது அறிக்கைக்கு," என்றாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மேடம்," என்றார் அவர், இயந்திரச் சத்தத்துக்கு மேலே. பக்க எண்களை அவர்தான் கடைசியில் முத்திரை அடித்துத் தருவார். அடித்தார். ஐந்து பிரதி ஒரு பக்கம், இருபது பிரதி இன்னொரு பக்கம். அட்டை போட்டு முடித்தபோது மணி நாலே முக்கால். ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு நெறியாளரிடம் ஓடினால், அவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தார். அந்த வட்டாரத்து வழக்கம் அது. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, துணைநூல் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா, எத்தனை முறை இருக்கிறது என்று பார்த்துவிட்டால் படித்த மாதிரி.

"என் ரெண்டாவது கட்டுரை விட்டுப்போச்சேம்மா," என்றார். பிறகு, இந்த ஆய்வேட்டை முழுமையாகப் படித்துப் பார்த்தேன் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுப் பிரிவுக்கு அவள் வந்தபோது மணி ஐந்து இருபது. பிரிவின் எழுத்தர், இருபத்தொரு வருஷமாக அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்மணி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் அவர் பிரிவு அக்கா.

"அஞ்சுக்கே மூடியாச்சு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வந்த?"

சீனியர் கெஞ்சவில்லை. ஐந்து பிரதியையும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, கை வலித்ததால் கையை உதறிக்கொண்டாள். பிரிவு அக்கா பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார்.

"காரணம் எழுது. லேட்டுன்னா காரணம் வேணும்."

தாமதத்திற்குக் காரணம் என்று ஒரு கட்டம். இரண்டு வரிக்கு மேல் இடம் இல்லை. சீனியர் பேனாவை எடுத்து, காய்ச்சல் என்று எழுதினாள்.

"ஒன்பது வருஷமாவா?"

"விட்டு விட்டு."

பிரிவு அக்கா சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார். ஐந்து பிரதிக்கும் குத்தி முடித்துவிட்டு, ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார். "இருபத்தோரு வருஷமா இதை எல்லாம் வாங்கி உள்ள வைக்கிறேன். ஒருத்தராவது உள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நீ எனக்கு இருபது நிமிஷம் கடன்பட்டிருக்க. அதனால கேக்கறேன். இத்தனை வருஷம் தேடி என்னதான் கண்டுபிடிச்ச? எனக்குப் புரியற மாதிரி, ஒரே வரியில."

சீனியர் வாயைத் திறந்தாள். ஏழு அத்தியாயத்தின் தலைப்புகள்தான் வந்தன. "நாளைக்கு வந்து சொல்றேன்க்கா," என்றாள்.

மறுநாள் காலை பதினொன்றுக்குத் துணைவேந்தர் அறையில் அறிக்கை வைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்களும் தங்கள் பிரதியைப் பின்னாலிருந்து திறந்தார்கள். ஏழு பேர் முகத்திலும் திருப்தி. சீனியர் சுவரோரம், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலைவர் முடிவுரையிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கத் தொடங்கினார், கம்பீரமான குரலில்.

"காய்ச்சல் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் காரணங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தொள்ளாயிரத்துப் பதினான்கு கடிதங்களில், களைத்துவிட்டேன் என்று எழுதியவர் ஒருவருமில்லை. காரணமே எழுதாமல், இன்று வர இயலவில்லை என்று மட்டும் எழுதியவர் ஒருவர் உண்டு. அந்தக் கடிதம் மட்டும் நிராகரிக்கப்பட்டது."

தலைவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இதை நாம் எப்போது விவாதித்தோம் என்ற யோசனை அவர் நெற்றியில் ஓடியது. ஆனால் முதல் பக்கத்தில் அவர் பெயர் முதலாவதாக இருந்தது. மேலே வாசித்தார்.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "நேரா பரிந்துரைன்னு போடாம, கதை மாதிரி சொல்லியிருக்கீங்க."

"அது வேணும்னேதான் செஞ்சது," என்றார் தலைவர்.

"நாலு வருஷ உழைப்பு தெரியுது," என்றார் துணைவேந்தர். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சீனியரின் நெறியாளர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. எந்தப் பரிந்துரையும் இல்லாத அறிக்கை.

சீனியர் குறிப்பேட்டில், ஏற்கப்பட்டது என்று எழுதினாள். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. தன் முடிவுரை இங்கே இருக்கிறது என்றால், இவர்களுடையது அங்கே இருக்கிறது. நூற்பாலைத் தொழிலாளர்களைப் பற்றி ஏழு அத்தியாயம் எழுதிவிட்டு, எட்டாவதில், ஆறு ஆண்டுக்கு மேல் எவரையும் ஆய்வு மாணவராக வைத்திருக்கக் கூடாது என்று ஒன்பதாம் ஆண்டு மாணவி முடித்திருக்கிறாள். படிகளில் மெதுவாகத்தான் இறங்கினாள். ஓடவேண்டும் என்று தெரிந்தது.

பிரிவு அக்கா அவளைப் பார்த்ததும், "வா, கடன்காரி," என்றார்.

"அக்கா, தேர்வாளருக்குப் பார்சல் போயிடுச்சா?"

"காலைல ஒன்பதுக்கே. இந்தத் தபால் பிரிவு என்னிக்குமே சொன்ன நேரத்துக்கு அனுப்பினதில்ல. இன்னிக்கு என்னமோ அனுப்பிட்டாங்க. ஏன்?"

சொன்னாள். பிரிவு அக்கா கேட்டுவிட்டு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை வைத்தார். "திருப்பி வாங்கலாம். கைடு கையெழுத்து, தலைவர் கையெழுத்து. அப்புறம் காரணம்." அதே கட்டம், அதே இரண்டு வரி. சீனியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனா கையில்தான் இருந்தது. படிவத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"இருக்கட்டும்க்கா."

ஏழு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மரியாதையானவர். துணைநூல் பட்டியலில் அவர் பெயர் நான்கு முறை இருந்தது.

"ஏழு அத்தியாயம் பழைய ஆலை. எட்டுல திடீர்னு இன்னிக்கு இருக்கற ஆராய்ச்சி மாணவங்ககிட்ட வந்துட்டீங்க. இந்தத் தாவலை நான் எதிர்பாக்கல. இந்த ஆறு வருஷ வரம்பு, அது உங்க சொந்தக் கருத்தா?"

"நான்தான் எழுதினேன் சார்," என்றாள் சீனியர். அது பொய் இல்லை.

"நீங்க எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டீங்க?"

"ஒன்பது."

அறை சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். நெறியாளர் சத்தமாகச் சிரித்தார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. அன்று மாலை வீட்டில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா மகள், "டீசி குடுத்துட்டாங்களா சித்தி?" என்றாள். "குடுத்துட்டாங்க." சீனியர் தனக்கும் அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. துணி மடிக்கப் போனாள்.

ஆக, வதந்தியில் திருத்த வேண்டியது இவ்வளவுதான். பட்டம் கிடைத்த புத்தகத்தை எழுதியது அவள்தான். ஏழு பேர் பெயரில் இருக்கிற புத்தகத்தையும் எழுதியது அவள்தான். முனைவர் பட்டப் படிப்பை மாற்றச் சொல்லும் பரிந்துரைகள் நூலகத்தில் நூற்பாலை வரலாறு அடுக்கில் பத்திரமாக இருக்கின்றன, இதுவரை யாரும் எடுக்கவில்லை. அறிக்கையின் பேரில் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று நிர்வாகம் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விடுப்புக் கடிதங்களை ஐந்து ஆண்டுக்குப் பதில் ஐம்பது ஆண்டு பாதுகாக்க வேண்டுமாம்.

பிறகு, அறிக்கையை நடைமுறைப்படுத்த ஒரு குழு அமைத்தார்கள். "குறிப்பெடுக்க ஒரு ஆள் வேணும்," என்றார் தலைவர் தொலைபேசியில். பழக்கத்தில் சீனியர் என்று கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு டாக்டர் என்று மாற்றினார். "மூணே மாசம்."

அவள் போனாள். மேஜை அதே மேஜை. அங்கே போக ஆய்வுப் பிரிவின் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"என்ன டாக்டரம்மா, என் ஒரு வரி?" என்பார் பிரிவு அக்கா.

களைத்துவிட்டேன் என்று எழுத ஆலையில் யாருக்கும் கட்டம் இல்லை. இதுதான் அந்த ஒரு வரி, பிரிவு அக்காவுக்கு நன்றாகவே புரியும். வழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் அது தலைவரின் குரலில், அந்தக் கம்பீரத்தோடு வருகிறது. குரல் மாறி வருகிறதா என்று ஜன்னலருகே ஒரு நொடி நிற்பாள்.

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"இருபது நிமிஷம்மா. மறந்துடாத."

"மறக்கலைக்கா," என்று சொல்லிவிட்டுப் படியேறுவாள்.